பச்சைக் குட்டைக்கு எது: வைக்கோலா, விதையா, வேரா?

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குட்டைக்கரையில் போய் நின்றேன். கட்லா மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் அரைத்த கீரையைப் போலப் பச்சையாக இருந்தது. தென்மேற்கு மூலையில் நான்கு வைக்கோல் கட்டுகள் பாதி மூழ்கிக் கிடந்தன. ஐந்து நாள் முன்பு அவற்றை உருட்டிவிட்டவன் நான்தான். வைக்கோல் போட்டால் பாசி அடங்கும் என்று எங்கோ படித்ததை நம்பிச் செய்த வேலை. ஒரு கட்டைக் கரைக்கு இழுத்துப் பிரித்தால், மேல் சுற்று மட்டும் மஞ்சளாக இருந்தது. உள்ளே கறுத்துக் குழைந்து அழுகிய முட்டை நாற்றம். மோட்டாரைப் போட்டுக் குழாயை உயரத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைக் குட்டையின் மேலேயே பீய்ச்சி அடித்ததில் பெரும்பாலான மீன்கள் பிழைத்தன. பதினேழு கட்லா கரை ஒதுங்கின.

நான் படித்தது பொய்யில்லை. எந்தப் பொருள் என்று பார்த்தேனே தவிர, எப்போது, எப்படி, எவ்வளவு என்று பார்க்கவில்லை. அதன் பிறகு ஓராண்டாக இந்தச் செடிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தும், சிலவற்றைச் செய்துபார்த்தும் வருகிறேன். எங்கள் குட்டை டெல்டாவில் பலரிடம் இருக்கிற அளவுதான்: 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர். நிரம்பினால் சுமார் 18 லட்சம் லிட்டர். கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறோம். இனி வரும் கணக்கெல்லாம் இந்தக் குட்டைக்கானது. உங்கள் குட்டை சிறிதென்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பச்சை என்று முதலில் பாருங்கள்

மீன் இருக்கிற குட்டையில் கொஞ்சம் பச்சை இருக்கத்தான் வேண்டும். அந்த நுண்பாசிதான் மீனுக்கும், மீன் தின்னும் சிற்றுயிர்களுக்கும் சோறு. அதற்காகத்தான் மீன் வளர்ப்பவர்கள் சாணத்தைக் கரைத்து ஊற்றித் தண்ணீரைப் பச்சையாக்குகிறார்கள். அளவு பார்க்க அவர்களிடம் ஒரு பழைய வழி உண்டு. கையை நேராக நீட்டித் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். முழங்கை நனையும் சமயத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. மணிக்கட்டைத் தாண்டியதுமே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி எல்லை மீறிவிட்டது.

அடுத்து ஒரு குச்சியை விட்டுச் சுழற்றி எடுங்கள். நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் இழைப்பாசி. அதை வாருகோலால் வாரிக் கரையில் போட்டுவிடலாம். பெயின்ட் கொட்டியதுபோல் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்பட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். காலையில் பச்சையெல்லாம் மேலே ஏடுபோல் திரண்டிருந்தால் சந்தேகம் வலுப்படும். இந்த வகையில் சில கல்லீரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்குபவை. அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. ஆடுமாடுகளை அந்தக் கரையில் விடக் கூடாது.

பார்லி வைக்கோல்: பேர் பெற்றது, ஆனால் தடுப்பு மட்டுமே

செடிப்பொருள்களில் அதிகம் ஆராயப்பட்டது இதுதான். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு விவசாயியின் ஏரியில் பார்லி வைக்கோல் தவறி விழுந்து, அதன் பிறகு பாசி குறைந்ததைக் கவனித்ததில் கதை தொடங்குகிறது. செஸ்டர்ஃபீல்ட் கால்வாயில் இழைப்பாசிமேல் செய்த சோதனை 1990-இல் வெளியானது. நீர்த்தேக்கங்களில் நீலப்பச்சைப் பாசியைக் கட்டுப்படுத்தியதாக 1996-இல் இன்னோர் ஆய்வு வந்தது. இவற்றுக்குப் பிறகுதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டக் குளத்துக்காரர்கள் வைக்கோல் மூட்டையைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

வைக்கோலைப் பாசிக்கொல்லி என்று நினைப்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். நல்ல காற்றோட்டமுள்ள தண்ணீரில் வைக்கோலைப் பூஞ்சைகள் மக்கச் செய்யும்போது, அதன் நார்ப்பகுதியிலிருந்து பாலிஃபீனால் போன்ற பொருள்கள் கசிகின்றன. வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து அவற்றிலிருந்து மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாவதாகவும், அது புதுப் பாசி தலையெடுப்பதைத் தடுப்பதாகவும் சொல்கிறார்கள். ஏற்கெனவே இருக்கிற பாசியை அது ஒன்றும் செய்வதில்லை. ஆகவே தண்ணீர் பச்சையாவதற்கு முன்பே வைக்கோல் உள்ளே இருந்தாக வேண்டும். 20 டிகிரிக்கு மேலான தண்ணீரில் அது வேலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் ஆறு முதல் எட்டு வாரம்வரை ஆகும்.

மற்ற நிபந்தனைகளும் இந்த வேதியியலிலிருந்தே வருகின்றன. காற்று வேண்டும் என்பதால் வைக்கோல் தளர்வாக, தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்க வேண்டும். இறுகக் கட்டிய கட்டுக்குள் காற்று போகாது. பூஞ்சைக்குப் பதில் அழுகல்தான் நடக்கும். என் நான்கு கட்டுகளுக்கும் நேர்ந்தது அதுதான். கலங்கலான தண்ணீரில் கசியும் பொருள்கள் சேற்றுத்துகளில் ஒட்டிக்கொள்வதால் பலன் குறையும். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு 10 முதல் 25 கிராம். பாசித் தொல்லை அதிகமுள்ள குளத்துக்கு முதல் தடவை மட்டும் 50 கிராம். எங்கள் 900 சதுர மீட்டர் குட்டைக்கு 25 கிராம் என்றால் 22 கிலோ சொச்சம். நான் உருட்டிவிட்டதோ அறுபது கிலோவுக்குக் குறையாது, அதுவும் சித்திரை வெயிலில்.

ஆய்வு முடிவுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வரவில்லை. சில குளங்களில் தெளிவான பலன், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. சில பாசி வகைகள் அசைந்தே கொடுக்கவில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பார்லி வைக்கோலைப் பாசிக்கொல்லியாகப் பதிவு செய்யவும் இல்லை.

நம் வைக்கோல் ஆகுமா?

பார்லிக்கு டெல்டாவில் எங்கே போவது? நெல் வைக்கோலின் சாறு, நீலப்பச்சைப் பாசிகளில் பெரிய போக்கிரியான மைக்ரோசிஸ்டிஸை அடக்குவதாகக் கொரியாவில் ஆய்வகச் சோதனை நடந்திருக்கிறது. குடுவையில் நடந்தது திறந்த குட்டையிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் நமக்கு நெல் வைக்கோலைச் சோதிப்பதில் பெரிய செலவில்லை, காலமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். வாய்க்காலில் தண்ணீர் நின்றபின் குட்டைக்குப் புதுநீர் வராது. இருக்கிற நீர் சுண்டச் சுண்ட உரச்சத்து அடர்ந்து, மாசி பங்குனியில் பச்சை ஏறும். சம்பா அறுவடை முடிந்து புது வைக்கோல் களத்தில் கிடப்பதும் அதே தையில்தான்.

இந்த ஆண்டு செய்தது இது. வெங்காயம் வருகிற வலைச்சாக்குகள் பத்து. ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ வைக்கோலை உதறித் தளர்வாகத் திணித்து, கூடவே மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்து, வாயைத் தைத்தோம். நைலான் கயிற்றின் ஒரு முனையில் சாக்கு, மறுமுனையில் செங்கல். பிப்ரவரி முதல் வாரத்தில் குட்டை முழுக்கப் பரவலாக விட்டோம். நனைந்த வைக்கோல் கனத்து அடியில் போகாமல் பாட்டில்கள் தாங்கிக்கொண்டன. இரண்டு நாளில் தண்ணீரில் லேசான தேநீர் நிறம் தெரிந்தது. பங்குனியில் பச்சை வந்தது, ஆனால் முழங்கைக் கணக்கைத் தாண்டவில்லை. இதை வைக்கோலின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். இதே ஆண்டில் வேறொரு மாற்றமும் செய்தோம், கீழே வருகிறது. நல்ல விளைவு கிடைத்த ஆண்டில் எல்லா மருந்தும் பலித்ததாகத்தான் தோன்றும்.

ஆங்கிலேயர்கள் சொல்லும் ஆறு மாத ஆயுள் நம் வெயிலில் கிடைக்காது. எங்கள் சாக்குகள் பத்து வாரத்தில் பாதியாக இளைத்துவிட்டன. பூச்சிமருந்து அடித்துச் சில நாளே ஆன வயலின் வைக்கோல் வேண்டாம். பச்சைப் புல்லோ தழையோ கூடவே கூடாது. அவற்றில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், விரைவில் அழுகும், பாசிக்கு விருந்தாகும். வேப்பிலையைக் கட்டித் தொங்கவிடும் யோசனை இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

விதைகள்: தொட்டிக்குச் சரி, குட்டைக்கு ஆகாது

முருங்கை விதை தண்ணீரைத் தெளிவிக்கும் என்பதில் ஐயமே இல்லை. விதைப்பருப்பில் உள்ள புரதத்துக்கு நேர்மின்னேற்றம் உண்டு. தண்ணீரில் மிதக்கும் மண்துகளுக்கும் பாசிக்கும் எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும். சூடானில் நைல் நதிக்கரைப் பெண்கள் கலங்கல் நீரை இப்படித்தான் தெளிய வைத்தார்கள். நம் ஊரில் அந்த வேலையைத் தேத்தாங்கொட்டை செய்தது. புதுப்பானையின் உள்பக்கத்தில் கொட்டையை இழைத்துவிட்டு நீரூற்றி வைப்பார்கள். தேற்றா விதையால் கலங்கிய நீர் தெளிவது சங்கப் பாட்டிலேயே உவமையாக வந்துவிட்டது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று குறைத்து வைத்தாலும் 18 லட்சம் லிட்டருக்கு 90 கிலோ பருப்பு வேண்டும். 100 மில்லிகிராம் என்றால் 180 கிலோ. முருங்கை விதை உரித்த கை இந்த எண்ணைப் பார்த்தாலே வலிக்கும். அவ்வளவையும் போட்டாலும் பாசி குட்டையை விட்டுப் போவதில்லை. அடியில் படிந்து, அங்கே மக்கி, தன் சத்தையெல்லாம் திரும்ப நீரிலேயே விடும். போதாக்குறைக்கு விதைமாவின் சத்தும் சேரும். அடுத்த மாதம் முன்னைவிட நல்ல பச்சை. கைகழுவவும் செடிக்கு ஊற்றவும் 200 லிட்டர் பீப்பாயில் எடுத்து வைத்த குட்டைநீருக்கு என்றால் 10 முதல் 20 கிராம் போதும். தெளிந்ததை மேலாக இறுத்துக்கொண்டு வண்டலைக் கொட்டிவிடலாம். குடிப்பதற்கு வேண்டாம், விதை நீரைத் தெளிய வைக்குமே தவிர, மேலே சொன்ன பாசிநஞ்சை எடுக்காது.

ஒரு எச்சரிக்கை: இலுப்பைப் புண்ணாக்கு

இயற்கையானது என்றால் மீனுக்குக் கேடில்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மீன்குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கும் களைமீன்களைக் கொல்ல ஹெக்டேருக்கு 2500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு, அதாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் போடச் சொல்வது மீன்வளத் துறையில் நெடுநாளைய பரிந்துரை. அதிலுள்ள சப்போனின் என்ற நச்சுப்பொருள் மீனின் செவுளைத் தாக்கும். நஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடும், அதன் பிறகு புண்ணாக்கு உரமாகிவிடும். பாசியை ஒடுக்க இதைப் போடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். முதல் வாரம் மீன் சாகும், நான்காம் வாரம் பாசி செழிக்கும். இரண்டுமே அவர் விரும்பியது இல்லை.

நிழல் தரும் செடிகள்

தாமரையும் அல்லியும் வெயிலை மறைத்துப் பாசியின் வாயை அடைக்கும். பரப்பில் பாதியை மூடினால் வித்தியாசம் தெரியும். கோயில் குளத்துக்கும் வீட்டுத் தொட்டிக்கும் இதைவிட அழகான வழி கிடையாது. மீன் குட்டையில் தாமரை வைத்தால் இழுவலை போட முடியாது. கொடியில் சிக்கி வலை கிழியும். வைத்தபின் எடுப்பதும் லேசில்லை. கிழங்கு சேற்றில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அசோலா விட்டால் சில நாளிலேயே இரட்டிக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் புல்கெண்டைக்கும் தீனி. காற்றிலுள்ள தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், ஆனால் மணிச்சத்தை (பாஸ்பரஸை) நீரிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். எனவே தினமும் வாரியெடுத்தால் பாசியின் பங்கிலிருந்து கொஞ்சம் வெளியே போகும். வாராமல் விட்டால் முழுக் குட்டையையும் கம்பளம்போல் மூடிவிடும். காற்று படாத நீரில் மீன் திணறும். மூங்கில் சட்டத்துக்குள் அடைத்து வைப்பதே முறை. சித்திரை வெயிலில் அது வாடிப்போகும், பாசி கொழிப்பதும் அப்போதுதான் என்பது இதிலுள்ள சங்கடம். ஆகாயத்தாமரையும் சத்தை உறிஞ்சுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருமுறை வாய்க்காலுக்குள் போய்விட்டால் ஊரே உங்களைத் திட்டும்.

வேர் மிதவை: மெதுவானது, ஆனால் வேரோடு போகிறது

பாசிக்கு முதல் தீனி மணிச்சத்து. ஒரு கிலோ பாஸ்பரஸ் ஏறத்தாழ 500 கிலோ ஈரப்பாசியை உண்டாக்கும் என்பது நீரியலாளர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு. அந்தத் தீனியை வேறு செடிக்குக் கொடுத்து, அந்தச் செடியை அறுத்து வெளியே எடுத்துவிடுவதுதான் மிதவையின் தத்துவம். மூங்கிலோ பிவிசி குழாயோ வைத்துச் சட்டம் கட்டி, மேலே வலை விரித்து, தேங்காய்நாரில் வெட்டிவேர், கல்வாழை, கோரை ஊன்றி மிதக்கவிடுவது. வேர் நீருக்குள் தாடிபோல் தொங்கும். அதில் படியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சத்தைப் பிடிக்கும். ஐதராபாத்தின் நெக்னாம்பூர் ஏரியில் 2018-இல் இப்படி ஒரு பெரிய மிதவைத் தோட்டம் விட்டார்கள்.

இங்கே மூன்று விஷயங்களை யாரும் சொல்வதில்லை. ஒன்று, இலையை அறுக்காவிட்டால் பயனில்லை. காய்ந்து நீரிலேயே விழுந்தால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு, குட்டையில் புல்கெண்டை இருந்தால் வேரை மென்றுவிடும், அடியிலும் வலை வேண்டும். மூன்று, பரப்பளவு. நீர்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும் என்றால் எங்களுக்கு 90 சதுர மீட்டர், இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் மிதவையாக 45. நாங்கள் விட்டது எட்டுதான், கல்வாழையும் வெட்டிவேரும் கலந்து. அந்த எட்டையும் மாட்டுக்கொட்டகைப் பக்கத்துக் கழிவுநீர் இறங்கும் மூலையில் வரிசையாக நிறுத்தினோம்.

மேலே சொன்ன வேறொரு மாற்றமும் அங்கேதான். அந்த மூலைக்கு மேலே சிறு வரப்பு ஒன்று போட்டுக் கொட்டகைக் கழுநீரை வாழைக்குத் திருப்பிவிட்டோம். அரைநாள் வேலை, ஒரு மண்வெட்டி. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் பொருளையும்விட அந்த வரப்புக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

ஆக, எதைத் தேர்வது?

மீன் உள்ள பண்ணைக்குட்டை, இன்னும் பச்சை ஏறவில்லை, தை மாதம்: வைக்கோல் சாக்கு, சதுர மீட்டருக்கு 25 கிராமுக்கு மேல் போகாமல். கூடவே, கைவசம் எத்தனை மிதவை முடியுமோ அத்தனை. வைக்கோல் இந்த ஆண்டுக்கு, மிதவை வரும் ஆண்டுகளுக்கு.

மீன் இல்லாத பாசனக் குட்டை என்றால் தாமரை வைக்கலாம், வலை போடும் தொல்லை இல்லை. சொட்டுநீர்க் குழாயில் பாசி அடைக்கிறது என்பதுதான் கவலையென்றால் மோட்டார் உறிஞ்சும் இடத்தைச் சுற்றிலும் இலை நிழல் இருந்தால் கொஞ்சம் உதவும்.

ஏற்கெனவே அரைத்த கீரையாகிவிட்ட குட்டைக்கு இந்தப் பட்டியலில் மருந்து கிடையாது. அந்த நேரத்தில் வைக்கோலோ தழையோ எதைப் போட்டாலும் அது மக்க ஆக்சிஜன் கேட்கும். பாசியே இரவில் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருக்கும்போது விடியற்காலையில் மீனுக்கு மிச்சம் ஒன்றும் இராது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டு ஒரே நாளில் கொல்வதிலும் இதே ஆபத்துதான். செத்த பாசி மொத்தமாக அழுகும், அதனுள் நஞ்சு இருந்தால் அதுவும் நீரில் கலக்கும். தீனியையும் சாணத்தையும் நிறுத்துங்கள். போர் தண்ணீர் இருந்தால் கால்வாசி நீரை மாற்றுங்கள். நடுராத்திரி முதல் விடியும்வரை மோட்டாரைப் போட்டு நீரைக் கொட்டவிடுங்கள். காற்று ஒதுக்கும் மூலையில் திரளும் ஏட்டை, கையுறை மாட்டிக்கொண்டு, வேட்டித் துணியால் வடித்து அள்ளுங்கள். வானம் மூடிய நாளில் கூடுதல் கவனம் வேண்டும். வெயிலில்லாத பகலில் பாசி விடும் ஆக்சிஜன் குறைந்துவிடும், இரவில் எடுப்பதை மட்டும் நிறுத்தாது.

சாக்குகளை எப்போது எடுப்பது என்று கேட்பார்கள். முகர்ந்து பாருங்கள். ஈர மண்வாசனை வரும்வரை இருக்கட்டும். சாக்கடை வாடை வந்த அன்றே எடுத்துவிட வேண்டும். எங்கள் சாக்குகளைச் சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் எடுத்தோம். மிச்சத்தைத் தென்னை மரத்தடியில் கொட்டி, சாக்கையும் பாட்டிலையும் அலசிக் கொட்டகை உத்தரத்தில் மாட்டியிருக்கிறோம், அடுத்த தைக்கு.